எஸ்தர் கேட்ட திருத்தம்

"எஸ்தர் பூட்டாம்மா" என்று அவள் கணவர் தேவராஜ் அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது, செவிலிமேட்டுத் தையல் கூடத்தில் அவள் பாதியில் விட்டுப்போன குஷன் கவரைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலி என்று முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள்.

நம் சபையில் அவளை அறியாதவர் இல்லை. கையும் ஓயாது, வாயும் ஓயாது. "ஊரான் மெத்தைக்கெல்லாம் பூ போட்டுக்கினு இருக்கோம், நாம படுக்கிறது பாய்லதான்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

எங்கள் தையலை வாங்கி விற்கும் சென்னை நிறுவனம், ஒவ்வோர் உறையோடும் தைத்தவளின் படமும் கதையும் போட்ட அட்டையைக் கட்டி விற்கும். கதை கேட்க வந்த பெண், வீட்டில் என்ன கஷ்டம் என்று எஸ்தரை விடாமல் துளைத்தாள். "கஷ்டம்லாம் ஒண்ணும் இல்லம்மா. அவரு ஆட்டோ ஓட்டிக்கினு இருக்காரு, பொண்ணு காலேஜ் போவுது" என்றாள் எஸ்தர். அந்தப் பதில் விலைபோகாது போலும். ஆங்கிலத்தில் அச்சான அட்டையில், குடிகாரக் கணவனிடம் அடிபட்டு மீண்டவளாக அவளை ஆக்கியிருந்தார்கள்.

அட்டையைச் சென்னையில் கட்டுவதால் அது எங்கள் கண்ணில் படவே இல்லை. அண்ணனின் ஆட்டோவில் பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றின் தாய், படத்தில் எஸ்தரை அடையாளம் கண்டு, அதைக் கடையில் படித்திருக்கிறார். அடுத்த வாரம் அந்த ஆட்டோவில் ஒரு பிள்ளையும் ஏறவில்லை. அவர் குடிக்காதவர் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். பிள்ளைகளின் பெற்றோர் வேறு தெரு, அச்சில் வந்ததை நம்புகிறவர்கள்.

எஸ்தர் சென்னைக்கே போய்த் திருத்தச் சொன்னாள். துணைக்கு நானும் போனேன். காபி கொடுத்து உபசரித்தார்கள், அடுத்த அச்சில் மாற்றுவதாகச் சொன்னார்கள். மாற்றவும் செய்தார்கள். "இன்று அவள் கணவரும் திருந்திவிட்டார்" என்று ஒரு வரி கூடியிருந்தது. நான் படித்துச் சொன்னதும், "குடிச்சாத்தானே திருந்தறதுக்கு?" என்று சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வேலையை உதறச் சொன்னேன். "நான் சண்ட போட்டுக்கினு போனா உங்க எல்லாருக்கும் ஆர்டர் நின்னுடும்மா. வேற வழி பாக்கலாம்" என்றாள். பார்ப்பதற்குள் போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கியபோது அண்ணனுக்குக் கால் துவண்டது. இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். மலர்வளையத்தோடு வந்திருந்த நிறுவனத்துக்காரர் என் பக்கம் குனிந்து, "இன்னைக்குமா குடிச்சிருக்காரு?" என்று கேட்டார். பரிதாபத்தோடுதான் கேட்டார்.

எஸ்தர் தைத்த பூக்கள் யார் யார் வீட்டுச் சோபாவிலோ கிடக்கின்றன. அவள் பாதியில் விட்ட கவரும் அட்டை கட்டிக்கொண்டு விற்பனைக்குப் போய்விட்டது. அவளுடையது என்று என்னிடம் இருப்பது, அவள் கேட்டும் கிடைக்காத ஒரு வரிதான். நம் சபை மலரை அந்தப் பெற்றோர் படிக்க மாட்டார்கள், தெரியும். ஆனாலும் அச்சில் இருக்கட்டும்: எஸ்தரின் கணவர் தேவராஜ் குடித்ததில்லை. அவளை ஒருநாளும் அடித்ததில்லை.