ஊறப்போடாத ரொட்டி

கணவனைக் கடல் கொண்டுபோன வருடத்திலிருந்து கெசியாவுக்குக் கோடை என்றால் லாப்ரடார் கரைதான். ஜூனில் பனிக்கட்டி விலகியதும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து மீன்பிடிக்கக் கிளம்பும் ஸ்கிப்பர் ஒபதியாவின் கப்பலில் சமையல்காரியாகப் போவாள்.

கரையில் ஒரு பலகைக் குடிசை, ஆறு ஆண்கள். விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டும். சமைத்து, துவைத்து, பிற்பகலில் கடலோரப் பலகை மேடையில் நின்று மீன் அறுத்து உப்பிட வேண்டும். இடுப்பு விட்டுப்போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும்: மறுநாளைக்குக் கெட்டி ரொட்டியை ஊறப்போடுவது. உப்பில்லாமல் கல்லாகச் சுட்டுப் பீப்பாயில் அடைத்த ரொட்டி அது. ராத்திரி முழுக்கத் தண்ணீரில் கிடந்தால்தான் மசியும். காலையில் அதைச் சூடாக்கி, அவித்த மீனைச் சேர்த்து, பன்றிக் கொழுப்பை வறுத்து மேலே கொட்டுவாள்.

அந்த ஆகஸ்டில் மீன் கொட்டோ கொட்டென்று கொட்டியது. உப்பு அரித்து அவள் மணிக்கட்டெல்லாம் புண்.

"இன்னிக்கும் இதே களிதானா அக்கா? உங்க வீட்டுக்காரரு இதுக்குப் பயந்துதான் கடல்ல எறங்கிட்டாரு போல" என்றான் ஒரு நாள் காலையில் கார்லண்ட், கப்பலிலேயே வாய் நீளமானவன்.

யாரும் சிரிக்கவில்லை. கெசியா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அன்று ராத்திரி பூட்ஸைக் கழற்றக் கட்டிலில் உட்கார்ந்தவள், ஒற்றைக் காலில் பூட்ஸோடு அப்படியே தூங்கிப்போனாள்.

"சாப்பாடு எங்கம்மா?" என்று காலையில் ஒபதியா கேட்டார்.

"ரொட்டி ஊறப்போடல, ஸ்கிப்பர். தூங்கிட்டேன்."

அவர் அவள் கையைப் பார்த்தார். ஆளுக்கு இரண்டு காய்ந்த ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டு படகேறினார்கள்.

மத்தியானம் கார்லண்ட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஊறாத ரொட்டியைக் கடித்ததில் கடைவாய்ப் பல் பாதியாகப் பிளந்திருந்தது. அந்தக் கரையில் டாக்டர் ஏது? கெசியா இடுக்கியை வெந்நீரில் போட்டு எடுத்தாள்.

"வலிக்குமாக்கா?"

"வலிக்கும். வாயத் தொற."

பிடுங்கியதும் ரத்தத்தைத் துப்பிவிட்டு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

"நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. இனிமே ரொட்டிய நானே ஊறப்போடுறேன்."

"சரி, போடு" என்றாள். நம்பவில்லை.

ஒரு வாரம் போட்டான். பிறகொரு நாள் மீன் வரத்து மிகுந்து, மேடையிலிருந்து வந்ததும் சுருண்டு படுத்துவிட்டான். கெசியா அவனை எழுப்பவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனாள்.