சித்தி மட்டை பிடிக்காத ஆட்டம்

என் சித்தி சாஃப்ட்பால் ஆடுகிறவள் என்று சொன்னால் சங்கரன்கோவிலில் அன்றைக்கு யாருக்கும் விளங்காது. "பால் வியாபாரமா?" என்று கேட்டவர்களும் உண்டு. கிரிக்கெட் பந்தைவிடப் பெரிய பந்து, கையைத் தாழ்த்தி வீசி எறிய வேண்டும், உருண்டை மட்டையால் அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன் என்று மாமாதான் விளக்குவார். மாமா சித்திக்கு அண்ணன். ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். துணி அளக்கிற கோலையே மட்டையாகப் பிடித்து, வாங்க வந்தவர்களுக்கு ஆடிக் காட்டுவார்.

சித்தி மாநில அணியில் ஆடியவள். பேப்பரில் படம்கூட வந்தது. பிறகு பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்தாள். அப்போது எனக்கு ஒன்பது வயது. நன்றாக ஆடத் தெரிந்தவளை எதற்கு ஓரமாக நிற்கவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ தண்டனை என்றே நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறை. மதுரையில் கல்லூரிகளுக்கிடையே போட்டி வரவிருந்தது. சித்தியின் கல்லூரி மைதானத்தில் கட்டட வேலை. மாமா எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தைப் பேசி வாங்கிக் கொடுத்தார். சித்தி தன் அணியோடு வந்து இறங்கினாள். பிள்ளைகளுக்கு வகுப்பறையில் படுக்கை, எங்கள் வீட்டிலிருந்து சாப்பாடு.

முதல் நாளே உள்ளூர் கிரிக்கெட் பையன்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்து சிரித்தார்கள். பேன்ட் போட்ட பெண்கள் பந்தைப் பிடிக்க ஓடுவது அவர்களுக்கு வேடிக்கை. சித்தி, கைத்தறிச் சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக, நேரே மதிலடிக்குப் போனாள்.

"சிரிக்கதுக்கு எதுக்குப்பா மதில்ல ஏறணும்? ஞாயித்துக்கெழமை எறங்கி எங்க கூட ஆடுங்க. க்ளவுசு நாங்க தாரோம்."

அவர்களால் மறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூடுவதுபோல் கூட்டம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான் நடுவர். முந்தின நாள் இரவெல்லாம் விதிகளை மனப்பாடம் செய்ததாகச் சொன்னார். பையன்களுக்குப் பலம் இருந்தது. ஆனால் அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடாமல் கையில் பிடித்துக்கொண்டே ஓடினார்கள், கிரிக்கெட் பழக்கதோஷம். எங்கள் பிள்ளைகள் விடாமல் எட்டிப் பிடித்துக் கடைசி இன்னிங்சில் சமமாக வந்துவிட்டார்கள். ஒருத்தி மூன்றாவது மூலைவரை போய் நின்றாள். அவள் வந்து சேர்ந்தால் வெற்றி.

அடுத்து ஆட வேண்டியவள் ராமலட்சுமி. பக்கத்துப் பனவடலிசத்திரத்துக்காரி, ஒல்லிப் பிள்ளை. அவள் மட்டையை எடுக்கும்போதுதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளுடைய அப்பா வந்தார். பஸ் ஸ்டாண்டில் யாரோ, 'ஒம்ம மக பயலுவ கூட ஆடுதா வே' என்று சொல்லியிருக்கிறார்கள். முதலில் வகுப்பறைக்குப் போய் அவள் பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏட்டி, வா. ஆடுனது போதும்."

ராமலட்சுமி சித்தியைப் பார்த்தாள். மாமா சித்தியிடம் ஓடி வந்து, "அவ போட்டும். நீயே எறங்கி ஒரு அடி அடிச்சிரு. கோவில் தெப்பக்குளத்துல போய் விழணும்!" என்றார். எதிரணிப் பையன்களே, "ஆடுங்கக்கா" என்று கத்தினார்கள். நான் கத்தியது எல்லோருக்கும் மேலே கேட்டிருக்கும்.

சித்தி மட்டையைத் தொடவில்லை. அந்த மனிதரிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம். ஒரே ஒரு வாட்டி இவ ஆடுததப் பாருங்க. அதுக்குப் பெறகும் கூட்டிட்டுப் போகணும்னா நானே பஸ் ஏத்தி விடுதேன்."

அவர் மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். பையை மட்டும் கீழே வைக்கவில்லை.

முதல் பந்துக்கு ராமலட்சுமி உடம்பே சுழலும்படி மட்டையை வீசினாள். பந்து மட்டையில் படாமல் எங்கேயோ போயிற்று. கூட்டம் சிரித்தது. ஆனாலும் அந்த வீச்சைப் பார்த்த பையன்கள் நாலடி பின்னால் போனார்கள். சித்தி ஜாடையாகக் காதோரத்தைத் தொட்டாள். அடுத்த பந்துக்கு ராமலட்சுமி சட்டென்று குனிந்து மட்டையைக் குறுக்கே நீட்டினாள். பந்து அதில் பட்டு, இரண்டடி தள்ளிப் புழுதியில் விழுந்து கிடந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. அவர்கள் ஓடி வருவதற்குள் மூன்றாவது மூலையிலிருந்தவள் சறுக்கிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

மாமா ஒரு கிழவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். எனக்கு ஏமாற்றம். இதெல்லாம் ஓர் அடியா?

கூட்டம் கலையும்வரை ராமலட்சுமியின் அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

"மொத வாட்டி வேணும்னேதான் விட்டியா?"

"ஆமாப்பா."

அவர் முகத்தில் சிரிப்பு வந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சித்தியிடம் திரும்பி, "மதுரையில எப்பம்மா ஆட்டம்?" என்று கேட்டார். சொன்னதும் பையை மகளிடம் கொடுத்தார். மடியிலிருந்த காரச்சேவுப் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தனியாக பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

பிள்ளைகள் ராமலட்சுமியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தியைத் தேடினேன். புளியமரத்துக்குப் பின்னால், மட்டைகள் வைத்திருந்த சாக்கின்மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மட்டை பிடிக்க முடியாமல் போனதால்தான் அழுகிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

"அழாதீங்க சித்தி. அடுத்த மேட்ச்ல நீங்கதான் அடிக்கணும். நான் மாமாகிட்ட சொல்லுதேன்."

சித்தி சிரித்துவிட்டாள். "சரி மக்கா. கண்டிப்பாச் சொல்லு" என்று என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சித்தியை இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்த சமயம், தாத்தாவும் இப்படித்தான் ஒரு மைதானத்துக்குப் போய்க் கூப்பிட்டார் என்றும், சித்தி ஒன்றும் பேசாமல் அவரோடு பஸ் ஏறி வந்துவிட்டாள் என்றும், நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம்தான் அம்மா சொன்னாள். அன்றைக்குத் தாத்தாவிடம் பத்து நிமிஷம் கேட்க அங்கே யாரும் இல்லையாம்.