செர்காம் கடற்கரையில் காதுகுத்து

கோலாலம்பூர் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறுவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், பால் கூஜா, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு, என் மனைவி மீனாட்சியின் இடுப்பில் கைக்குழந்தை, அவள் முந்தானையைப் பிடித்துத் தொங்கும் ஐந்து வயது மகள் கமலம். இத்தனையும் போதாதென்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் அவள் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

"தாம்பாளம் மலாக்காவிலே கிடைக்காதா?" என்றேன்.

"கிடைக்கும். இது எங்கம்மா குடுத்தது" என்றாள்.

செத்துப்போன மாமியாரோடு சண்டை போட முடியுமா? தாம்பாளத்தை நானே தூக்கிக்கொண்டேன்.

ஆகஸ்டு மாதப் பள்ளி விடுமுறைக் கூட்டம். நான் ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா என்பதால் டிக்கெட்டுக்குப் பாஸ் உண்டு. உட்கார இடம் பிடிக்கப் பாஸ் கிடையாது. ஒரு வழியாக மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்தோம். எதிரே இருந்த பெரியம்மா ஒருத்தி, காஜாங்கில் இறங்க வேண்டியவள், மீனாட்சியிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்: "லீவுக்கு தாய்வீட்டுக்கா போறே?"

"இல்லம்மா. செலண்டார்ல அண்ணன் வீட்டுக்கு. மலாக்காவுல தம்பி வீடு இருக்கு, அங்கயும் போவோம்" என்றாள் மீனாட்சி. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் திரும்பலுக்கான காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு அண்ணன் ஒருவர், தம்பி ஒருவன். அண்ணன் வீரப்பன் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் தண்டல், அதாவது ஆட்களை மேய்க்கிற மேற்பார்வையாளர். தம்பி சாமிக்கண்ணு மலாக்கா டவுனில் வாடகைக் கார் ஓட்டுகிறான். அண்ணன் பார்த்த பெண்ணுக்குத் தாம்பூலம் மாற்றிய பிறகு, "எனக்கு வேணாம்" என்று தம்பி தோட்டத்தை விட்டு ஓடிவிட்டான். "இனி என் வாசல மிதிக்காதே" என்றார் அவர். "மிதிச்சா கேளு" என்றான் இவன். அதோடு பேச்சு நின்றது. பெற்றவர்களும் போய்ச் சேர்ந்தபின், பிறந்த வீடு என்பது மீனாட்சிக்கு இரண்டு துண்டாகிவிட்டது. மூன்று வயதில் குத்தியிருக்க வேண்டிய கமலத்தின் காது, இந்தச் சண்டையால் ஐந்து வயதுக்குத் தள்ளிப் போயிருந்தது.

காது குத்த வேண்டுமானால் தாய்மாமன் மடி வேண்டும். வெற்றிலை பாக்கு வைத்து முறையாக மாமனை அழைக்கவும் வேண்டும். மூத்தவர் என்பதால் வீரப்பன் மச்சான் மடி என்று முடிவு செய்திருந்தோம். தம்பிக்கு, "விசேஷத்துக்கு வாடா" என்று மட்டும் சொல்லியனுப்பியிருந்தாள். வருவானோ மாட்டானோ, அது அவன் பாடு.

சிரம்பான் தாண்டும்வரை ஒத்திகை நடந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி எல்லாம் அடுக்கி, கமலம் அதை இரண்டு கையாலும் நீட்டி, "மாமா, உங்க மடியில வச்சுத்தான் எனக்குக் காது குத்தணும்" என்று சொல்ல வேண்டும். தாயிடம் சொன்னாள், என்னிடம் சொன்னாள், எதிரே வந்து உட்கார்ந்த சீனக் கடைக்காரரிடமும் போய் நீட்டினாள். அவர் எழுந்து நின்று தலைகுனிந்து ஒரு பாக்கை எடுத்துக்கொண்டு பிஸ்கட்டு ஒன்று கொடுத்தார். எங்கள் மகளுக்குத் தொழில் பிடித்துப்போயிற்று.

மத்தியானம், தம்பின் என்கிற ஊர் ஸ்டேஷன். செலண்டாருக்கு டாக்சிக்காரன் மூன்று வெள்ளி கேட்பான், இரண்டுக்கு மேல் ஒரு சென்னும் கொடுப்பதில்லை என்று நான் மனதுக்குள் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினால், எதிரே காக்கிச் சட்டையும் தொப்பியுமாகச் சாமிக்கண்ணு நிற்கிறான்!

"வாங்கத்தான்! அக்கா, கார் கொண்டாந்திருக்கேன். இன்னைக்கு மலாக்காவுல தங்கல், நாளைக்குத் தோட்டம். வேணாம்னு சொல்லாதீங்கலா" என்று பெட்டியைப் பிடுங்கினான். கமலத்தைப் பார்த்துக் குனிந்து, "என்னைத் தெரியுதா? நான்தான் உங்க மாமா" என்றான்.

எங்களில் ஒருவர் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. மாமா என்ற சொல்லைக் கேட்டதுதான் தாமதம், கமலம் துணிச் சுருளை அவிழ்த்து வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தை நீட்டி, பாடத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டாள். பிளாட்பாரத்தில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது. சாமிக்கண்ணு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கினான். இரண்டு கையையும் சட்டையில் துடைத்து, தாம்பாளத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அக்கா... இத நான் நெனைச்சே பாக்கலக்கா. என்னை ஒரு ஆளா மதிச்சு..." என்று தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டான்.

மீனாட்சி என்னைப் பார்த்தாள். நான் சிக்னல் கம்பத்தைப் பார்த்தேன். கை மாறிய வெற்றிலையைத் திருப்பிக் கேட்க நம் ஆட்களில் யாருக்கு நாக்கு எழும்?

தம்பினிலிருந்து மலாக்கா இருபத்துநாலு மைல். வழி நெடுக ரப்பர் மரங்களும் மலாய்க் கம்போங் கிராமங்களும், வாழைத் தோப்புகளும். சாமிக்கண்ணு பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். பின்னால் மீனாட்சி முந்தானை முனையை முறுக்கிக்கொண்டே வந்தாள். டவுனில் கமலத்தை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போய்ப் படகுகளைக் காட்டினான், கோயிலுக்குப் போனோம், பாசாரில் கண்ணாடி வளையல் வாங்கினான். தெருவோரத்தில் தேங்காய்ப்பாலும் மலாக்காக் கருப்பட்டிப் பாகும் ஊற்றிய செண்டோல், கிண்ணம் இரண்டு சென். நான் ஒன்று சாப்பிட்டேன். மனக்கவலைக்காக இன்னொன்றும் சாப்பிட்டேன். கோலாலம்பூரில் விற்கிற செண்டோலைச் செண்டோல் என்று சொல்வதே பாவம் என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள், சனிக்கிழமை, செலண்டார் போனோம். தோட்டத்துக் கேட்டின் இரண்டு மரத்தூணுக்கு முன்னால் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தான் சாமிக்கண்ணு.

"இதுக்கு மேல வரமாட்டேன் அத்தான். சொன்ன சொல்லு இருக்கு. நாளைக்கு காது குத்துற பத்தரக் கூட்டிக்கிட்டு வந்திடுறேன். பிள்ளையை இங்க கொண்டாந்திடுங்க."

"என் மகளுக்குக் காது குத்துறது ரோட்டோரத்துலயா? ஏன், லோரி போற நடுவுலயே மணையைப் போட்டுடுவோமே!" என்று கத்தினேன். அவன் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அரை மைல் மண் ரோட்டில் பெட்டியும் படுக்கையும் சுமந்து நடந்தது நான்.

வீரப்பன் மச்சான் வீட்டு முன்னால் தென்னோலைப் பந்தல், மாவிலைத் தோரணம். அவருடைய மூன்று பிள்ளைகளும் கூச்சலிட்டு ஓடிவந்து கமலத்தை இழுத்துப் போயின. அவர் மீசையை எண்ணெய் தடவி முறுக்கி, சரிகைக் கரை வேட்டி கட்டி நின்றிருந்தார். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்ளவென்றே அந்த வேட்டியைத் தான் வாங்கியதாக அவர் வாயாலேயே சொன்னார். சாப்பிட்டு முடியும்வரைகூட மீனாட்சி பொறுக்கவில்லை. தம்பின் ஸ்டேஷன் கதையைச் சொல்லி அழுதுவிட்டாள்.

"அண்ணே, பிள்ளை தெரியாமக் குடுத்துடுச்சு. நான் போயி அவன்கிட்ட சொல்லி..."

"கேக்காதே!" என்றார் அவர். வெளியே விளையாடிய பிள்ளைகள் நின்றுவிட்டன. "குடுத்த வெத்தலையத் திருப்பிக் கேக்குறது நம்ம வீட்டு வழக்கம் இல்ல. அன்னைக்கு நான் மாத்தின தாம்பூலத்த ஒதறிட்டு ஓடினான். இன்னைக்கு வாங்கிட்டான்ல? வாங்கினவன் மடியிலேயே குத்து. ஆனா என் வாசல்ல இல்ல. நானும் வரல."

"அவன் வீட்டுல குத்தினா நீங்க வரமாட்டீங்க. இங்க குத்தினா அவன் வரமாட்டான். அப்ப எனக்கு எந்த வாசல்ண்ணே?" என்றாள் மீனாட்சி.

நான் உளறாமல் சும்மா இருந்தது அந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அப்போது அடுப்படியிலிருந்து அவர் மனைவி பொன்னம்மா கரண்டியோடு வந்தாள். "நாளைக்கு விசேஷம் முடிஞ்சு பிள்ளைங்கள செர்காம் கடலுக்குக் கூட்டிப் போறதா சொன்னீங்கல்ல? விசேஷத்தையே அங்க வச்சா என்ன? கடலுக்கு ஏது வாசப்படி?"

"நான் வரலன்னு சொன்னேன்ல."

"துரை லோரி குடுத்தது உங்க பேர்ல. தண்டல் ஏறாம லோரி கேட்டைத் தாண்டாது. வராட்டி போங்க, பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, கடல் இல்லன்னு."

வெளியிலிருந்து மூன்று பிள்ளைகளும் எங்கள் கமலமும் சேர்ந்து அழ ஆரம்பித்தார்கள். பொன்னம்மா இழுத்த இழுப்பில் அழுகை சரியான நேரத்துக்கு வந்தது என்பேன். "லோரிக்காக வர்றேன். வேற எதுக்கும் இல்ல" என்றார் மச்சான். மலாக்காவுக்கு ஆள் அனுப்பித் தம்பிக்குச் செய்தி சொன்னோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லோரி புறப்பட்டது. ஜாசின் வழியாகச் செர்காம் இருபது மைலுக்குக் குறையாது. பின்னால் சாக்கு விரித்து நாங்கள் எல்லோரும், சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, வடைக்கூடை. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ரோட்டோரத்துக் கோழியெல்லாம் பறந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் குழம்பு என் சட்டை மேலேயே தெறித்தது. வேறு யார் மேலும் தெறிக்கவில்லை, கவனித்துக்கொண்டுதான் வந்தேன். மச்சான் டிரைவர் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பழைய வேட்டிதான் கட்டியிருந்தார்.

செர்காமில் தென்னைகள் கடலை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றி, மலாய்க்காரர்கள் வலை காயப் போட்டிருந்தார்கள். ஒரு மலாய் அம்மா நாங்கள் கேட்காமலே பாய் கொண்டுவந்து விரித்து, பிள்ளைகளுக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தாள். சாமிக்கண்ணு முன்பே பத்தரோடு வந்து, மாமியாரின் தாம்பாளத்தில் தேங்காய் பழம் அடுக்கி வைத்திருந்தான். மச்சான் போய் நாலு மரம் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து உட்கார்ந்தார்.

நல்ல நேரம் வந்தது. புது வேட்டியோடு சாமிக்கண்ணு மணையில் உட்கார்ந்தான். கமலம் வாயில் கற்கண்டோடு ராணி மாதிரி அவன் மடியில் ஏறினாள். பத்தர் வலது காதில் குத்தினார்.

அடேயப்பா! அந்த அலறல் சுமத்ராவுக்குக் கேட்டிருக்கும். அடுத்த காதுக்குப் பத்தர் நகர்வதற்குள் மாமன் கையைக் கடித்துவிட்டுத் துள்ளி எழுந்தாள். நான் குறுக்கே பாய்ந்தேன், சோற்றுப் பானையில் தடுக்கி விழுந்தேன். அவள் நேரே ஓடிப்போய், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெரிய மாமன் மடியில் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அந்த மாமா வேணாம்! நீங்க வச்சுக்கங்க மாமா!"

மச்சான் இரண்டு கையாலும் அவளை மூடிக்கொண்டார். முகத்தைப் பிள்ளையின் தலையில் புதைத்துக்கொண்டார்.

பத்தர்தான் ஊசியோடு போய்த் தயங்கி நின்றார். "தண்டல் ஐயா, ஒத்தைக் காதோட விடக்கூடாதுங்க."

"குத்துங்க" என்றார் மச்சான். பிள்ளை தலையை ஆட்டிக் கதறியது. அவரால் கையையும் காலையும்தான் பிடிக்க முடிந்தது. எங்கள் பக்கம் திரும்பி, "டேய்! மரம் மாதிரி நிக்கிறியே, வந்து தலையப் பிடிடா!" என்று அதட்டினார்.

சாமிக்கண்ணு கடிபட்ட கையோடு ஓடினான். அண்ணன் எதிரே மணலில் மண்டியிட்டு, பிள்ளையின் தலையை அவர் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இரண்டாவது காது முடிந்தது. பக்கத்தில் தேங்காய் உடைக்க நின்ற மீனாட்சி, உடைப்பதை மறந்து அழுதுகொண்டிருந்தாள்.

கமலம் இரண்டு மாமனோடும் டூ விட்டாள். அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! ஒருவர் நண்டு பிடித்து வந்தார், இன்னொருவன் சிப்பி பொறுக்கினான். "அந்த நண்டு கடிக்கும்ணே, தூரப் போடுங்க." "உன் சிப்பி நாறுதுடா." அத்தனை வருஷத்துப் பேச்சும் நண்டிலும் சிப்பியிலும் போயிற்று. பிள்ளைகள் சேற்றில் புரண்டார்கள், வடை மணலோடு சேர்ந்து ருசித்தது.

சாயங்காலம் பிள்ளைகளோடு பொன்னம்மா லோரியில் முன்னால் போய்விட்டாள். பத்தர் பஸ் ஏறினார். கமலம் வீரப்பன் மச்சான் மடியிலேயே தூங்கிப்போனதால், அவர் அப்படியே சாமிக்கண்ணுவின் காரில் முன்சீட்டில் ஏறினார். நாங்கள் பின்னால். வெளிச்சம் மங்கும்போது தோட்டத்துக் கேட்டு வந்தது. இரண்டு மரத்தூணுக்கு முன்னால் சாமிக்கண்ணு வண்டியை நிறுத்தினான். எஞ்சினை அணைக்கவில்லை. மீனாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் நேரே பார்த்தபடியே இருந்தார்.

"பிள்ளை தூங்குது. எறங்கி நடந்தா முழிச்சுக்கும்" என்றார். பிறகு சொன்னார்: "உள்ள விடுறா."

கார் உள்ளே போயிற்று. பந்தல் அப்படியே இருந்தது. மாவிலை மட்டும் வாடியிருந்தது. ராத்திரிச் சோறு அங்கேதான் எல்லோருக்கும். சாமிக்கண்ணு கொல்லைக் கதவு எந்தப் பக்கம் என்று கேட்காமலே போய்க் கை கழுவி வந்தான்.

அந்த வாரம் முழுக்கத் தங்கினோம். திரும்பும்போது தம்பின் ஸ்டேஷனுக்கு இரண்டு பேரும் வந்து, பெட்டியை யார் தூக்குவது என்று சண்டை போட்டார்கள். எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கைவீசி நடக்கக் கிடைத்தது. தாம்பாளத்தை மட்டும் காணோம். மீனாட்சியைக் கேட்டால், அண்ணியிடம் கொடுத்துவிட்டாளாம். அடுத்து கைக்குழந்தைக்குக் காது குத்த அங்கேதான் வர வேண்டும், எதற்குச் சுமை என்றாள்.

சிரம்பானில் ஏறிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர், கமலத்தின் புதுக் கம்மலைப் பார்த்து, "வடிவாக் கிடக்கு. எங்கை போட்டு வாறியள் பிள்ளை?" என்று கேட்டார்.

"தாய்வீட்டுக்குப் போயிட்டு வர்றோம்மா" என்றாள் மீனாட்சி. இந்தத் தடவை அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. நான்தான் திரும்பிக்கொண்டேன்.