பால் காய்ச்சிய வாடகை வீடு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். கடன் கேட்டு வருபவரின் சம்பளச் சிலிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், பழைய பாக்கி எல்லாம் பார்ப்போம். வாடகைக்கு விடுவதற்காக முதல் வீடு வாங்கும் நம்மவர்களிடம் இன்னொன்றையும் கேட்க வேண்டும் என்பதை கிள்ளானிலிருந்து வந்த சிவாவின் கடனில்தான் தெரிந்துகொண்டேன்.

சிவா லோரி உதிரிபாகக் கடையில் சூப்பர்வைசர். ஏதோ ஹோட்டலில் நடந்த முதலீட்டு வகுப்பை முடித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"சார், காஜாங் பக்கத்துல செமினில ஒரு அபார்ட்மெண்ட். நான் தங்கறதுக்கு இல்ல, வாடகைக்கு. பேசிவ் இன்கம் லா."

"வாடகை வரலன்னா தவணை எப்படிக் கட்டுவீங்க?"

"ஏன் சார் வராம? தூங்கினாலும் வரும்னு கிளாஸ்ல சொன்னாங்க."

அவர் சம்பளத்தில் தவணைக்கு மூச்சு முட்டும். ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். கடன் பாஸானது. காஜாங்கில் வேலை பார்க்கும் இரண்டு நர்சுகள் குடிவரவும் சம்மதித்தார்கள்.

அதன் பிறகுதான் பால் காய்ச்ச அழைப்பு வந்தது.

"வாடகைக்கு விடற வீட்டுக்கு எதுக்கு?"

"நாலு பேர் என்ன சொல்வாங்க சார்?"

போனேன். கீழே கார் நிறுத்துமிடத்தில் பந்தல். ஆறு மாதத் தவணை வாழை இலையில் பாயசமாக ஓடிக்கொண்டிருந்தது. பால் பொங்கியதும் சிவாவின் மாமியார் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"மாப்ள, வீடு சும்மாதானே கெடக்கு. நம்ம பார்த்திக்கும் காஜாங்லதான் வேல. இங்கயே தங்கட்டுமே."

பார்த்தி சிவாவின் மனைவிக்குத் தம்பி. சிவா மனைவியைப் பார்த்தார். மனைவி அடுப்பைக் குறைத்தார். சொந்தபந்தம் மொத்தமும் சிவாவைப் பார்த்தது.

"அதுக்கென்ன அத்தை, தங்கட்டும்."

நர்சுகள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் சிவா தவணை பாக்கி நோட்டீசோடு வந்தார். "வீடு ஏலத்துக்குப் போயிரும் போல சார்." முகம் ஒடுங்கியிருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மேலிடத்தில் பேசி, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுத்தேன்.

"மச்சான்கிட்ட வாடகை கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். தீபாவளிக்குச் சட்ட எடுத்துக் கொடுத்தாரு."

சில மாதத்தில் பார்த்தியே வந்தார். அவருக்கும் ஓர் அபார்ட்மெண்ட், அதுவும் வாடகைக்கு விடத்தான். முன்பணம் தயார், சேமிப்பு கனம், வாடகைச் செலவு இல்லை. என் சர்வீசில் அவ்வளவு சுத்தமான பைலைப் பார்த்ததில்லை. மறுக்க ஒரு காரணமும் கிடைக்காமல் வயிற்றெரிச்சலோடு பாஸ் செய்தேன்.

சாவி வாங்கியவரிடம், "எப்ப பால் காய்ச்சறீங்க?" என்றேன்.

"காய்ச்சல சார். காய்ச்சினா சொந்தக்காரங்க வந்துருவாங்க. நேத்தே வாடகைக்கு ஆள் வெச்சுட்டேன்."

"அப்ப நீங்க?"

"சிவா மாமா வீட்டுலதான்."

அன்றிலிருந்து, வாடகைக்கு விட முதல் வீடு வாங்க வருபவரிடம் சம்பளச் சிலிப்பைக் கேட்கும் முன் பால் காய்ச்சுவீர்களா என்று கேட்டேன். சிலர், "பின்ன, காய்ச்சாமலா?" என்று சிரித்தார்கள். சிரித்தவர்களிடம், ஒரு வருடத் தவணையை எடுத்து வைக்கச் சொன்னேன்.