தங்கை வீடு நடந்துபோன வெள்ளிக்கிழமை

பசுந்தாங்கில் எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். அதன் நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. கீழே யாராவது இழுத்தால் மணி அடிக்கும், மொயிங்கா என்கிற பர்மிய மீன் நூடுல்ஸ் பொட்டலம் காலையில் கிளிப்பில் தொங்கிக்கொண்டு மேலே வரும். வீடு என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, கீழே இருக்கிற மண்ணும் எங்களுடையதில்லை, மேலே இருக்கிற கூரையும் எங்களுடையதில்லை. நடுவில் நாலு சுவர்தான் எங்கள் சொத்து. இந்த லட்சணத்தில், வீடு வாசல் விஷயமெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை பிஸ்கட் கம்பெனி வேலைக்காகக் கோலாலம்பூர் போனாள். அங்கே கூட வேலை பார்த்த இந்தோனேசியாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, சுலாவேசித் தீவில் ஒரு கிராமத்துக்குக் குடிபோய்விட்டாள். மாப்பிள்ளை நல்ல மனிதர், தொழுகை தவறாதவர். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் எனக்குக் குறை. புருஷன் சரியில்லை என்று வந்தாலாவது கூட்டி வைத்துக்கொள்ளலாம், அதற்கும் வழியில்லை. அதனால்தான், அவர்கள் வீடு நிற்கிற குடும்ப நிலத்தை மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து விற்கப்போகிறார்கள் என்று அவள் வீடியோ காலில் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

“அப்ப வீடு?” என்று கேட்டேன்.

“வீட்டைத் தூக்கிட்டுப் போயிருவோம் லாத்தா. அரிசி மில்லுக்கு அங்கிட்டு ஒரு துண்டு நெலம் வாங்கியிருக்கோம்.” எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம்.

“பிரிச்சு எடுத்துட்டுப் போவீங்களா?”

“பிரிக்கிறது என்னத்துக்கு? அப்புடியே தூக்கிட்டுப் போறதுதான். இங்க எல்லாரும் அப்புடித்தான் செய்வாங்க.”

“வீடு என்னடி, சோத்துப் பானையா? ஒடஞ்சு ஒக்காரப்போவுது. பேசாம ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. பபேடான்ல நம்ம துணிக்கடை இருக்கு, அவரும் வந்து நிக்கட்டும்.”

“சரி லாத்தா. வீடு ஒடஞ்சா வந்துர்றோம். ஒடயலேன்னா இனிமே இந்தப் பேச்சு எடுக்கக்கூடாது. நீங்களே வந்து கண்ணால பாருங்க.”

இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன். கிளம்புமுன் பின்னறையை ஒழித்து, கட்டிலுக்குப் புதுத் தலையணை வாங்கிப் போட்டேன். அவள் சாமான்களை அடைத்துக்கொண்டு வர வீட்டிலேயே பெரிய பெட்டியாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன். “காலிப் பெட்டிய தூக்கிட்டு வெளிநாடு போற மொத ஆளு நீதான்” என்றார் என் வீட்டுக்காரர். மக்காசார் விமான நிலையத்தில் அதிகாரி அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார். தங்கைக்காகக் கொண்டுபோன, எங்கள் ஊரில் தின்கிற ஊறவைத்த தேயிலைப் பொட்டலம் ஒன்று மட்டும் அதில் உருண்டுகொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அங்கிருந்து காரில் பாதி நாள் தூரம். வீடுகளெல்லாம் மரத்தூண்கள் மேல் ஆள் உயரத்துக்கு நின்றன. அடியில் ஆடுகளும் மோட்டார் சைக்கிள்களும். போன மறுநாளே தங்கை வீட்டுத் தூண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் பழைய கறையான் தடம் இருந்தது. “இது தாங்காது” என்று தீர்ப்புச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு காப்பி கொண்டுவந்து வைத்தார்.

அந்த ஊரில் நிலம் ஒரு கணக்கு, வீடு இன்னொரு கணக்கு. இந்த மண் யாருடையது என்றால் ஒருவரைக் காட்டுவார்கள், மேலே நிற்கிற வீடு யாருடையது என்றால் வேறொருவரைக் காட்டுவார்கள். பக்கத்து வீட்டு அம்மா, தன் வீடு முன்பு கடலோரத்தில் இருந்ததாகவும், அலை கிட்டே வரவும் இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டதாகவும் தங்கை மூலம் சொன்னார். நாம் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்குத்தான் தலை சுற்றியது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் பள்ளிவாசலிலிருந்து நேராக வந்தார்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூண்களுக்குக் குறுக்கே மூங்கில்களை வைத்து இறுக்கினார்கள். பானை சட்டி, டிவி, அலமாரி எல்லாம் வெளியே வந்தன. சின்ன அறையில் இருந்த என் பெட்டியையும் எடுக்கப் போனாள் தங்கை. “அதுல என்ன கனம் இருக்கு, கெடக்கட்டும்” என்றேன்.

தென்னை மரத்தடியில் பெண்கள் பெரிய அண்டாவில் சோளக் கஞ்சி காய்ச்சினார்கள். என் கையிலும் ஒரு கத்தியையும் வெங்காயத்தையும் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஒரு கண் வெங்காயத்தில், ஒரு கண் கறையான் அரித்த தூணில். பள்ளிவாசல் பெரியவர் ஒலிபெருக்கியோடு முன்னால் நின்று, “சத்து... துவா... தீகா!” என்று மூன்றுவரை எண்ணினார்.

வீடு எழுந்தது. மெய்யாகவே எழுந்து நடந்தது. தகரக் கூரை, ஜன்னல் திரை, வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் பூ எல்லாவற்றோடும், அடியில் எண்ணமுடியாத கால்களோடும் போனது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பூனை ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. நாங்களும் கத்தியும் கையுமாகப் பின்னாலேயே ஓடினோம்.

அரிசி மில் திருப்பத்தில் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டும்போது மூங்கில் ஒன்று படாரென்று முறிந்தது. கறையான் தூண் இருந்த பக்கம் அப்படியே இறங்கியது. கூரைத் தகரம் கிறீச்சிட்டது. இதற்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்! பின்னறை, தலையணை, காலிப் பெட்டி எல்லாம் இதற்காகத்தானே!

“ஐயோ புடிங்க! புடிங்க! விட்றாதீங்க!”

கத்தியது நான்தான். அதுவும் தமிழ் தெரியாத அத்தனை பேரிடமும் தமிழில். கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. எங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு தளத்திலும் நின்று முழங்காலைத் திட்டுகிற நான், ஓடிப்போய் இரண்டு ஆண்களுக்கு நடுவில் புகுந்து மூங்கிலுக்குத் தோள் கொடுத்தேன். என் தோளில் எவ்வளவு கனம் இருந்தது என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். எனக்கு முன்னால் நின்றவர் நல்ல உயரம், மூங்கில் என் தலைமுடியைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். ஒலிபெருக்கி மறுபடி எண்ணியது, சாய்ந்த பக்கம் நிமிர்ந்தது, வீடு வாய்க்காலைத் தாண்டியது.

புது நிலத்தில் கல் பரப்பிய இடத்தில் அதை இறக்கிவைத்தார்கள். எல்லோரும் கஞ்சிக் கிண்ணத்தோடு உட்கார்ந்தபின் தங்கை என்னிடம் வந்து, தன் முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்தாள்.

“ஒடயணும்னுதானே லாத்தா வந்தீங்க?”

“ஆமாடி. அதுக்குத்தான் வந்தேன்.”

“அப்பறம் ஏன் ஓடிவந்து புடிச்சீங்க?”

“ஒன் வீடாச்சேடி” என்றேன். கோபமாகச் சொல்ல நினைத்தேன், அழுகைதான் வந்தது. அவளும் அழுதாள். எங்களுக்கு அடிபட்டுவிட்டது என்று பயந்து ஓடிவந்த மாப்பிள்ளை, என்ன கேட்பது என்று தெரியாமல், தனக்குத் தெரிந்த தமிழைச் சொன்னார்: “லாத்தா, சாப்பாடு?” நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரை ஏறிவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் தங்கை காப்பிக்கொட்டையும் கருவாடும் நிரப்ப என் பெட்டியை எடுக்கப் போனாள். சின்ன அறையில், கட்டிலுக்கடியில், வைத்த இடத்திலேயே இருந்தது. வீட்டோடு அதுவும் நடந்து வந்திருந்தது. “அது அங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிக்கொண்டேன்.

பசுந்தாங்கில் டாக்ஸியைவிட்டு இறங்கியதும் கயிற்றை இழுத்தேன். ஐந்தாவது மாடியில் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் பால்கனியில் வந்து குனிந்து பார்த்தார். என் பின்னால் தங்கை இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

“பெட்டி எங்க?” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

“வீட்டுல இருக்கு!” என்று நானும் கத்தினேன்.

அவர் திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார்.