ஊக்குப் போட்ட குல்லா

கள்ளக்குறிச்சியில் சித்திரை வெயிலில் உல்லன் நூல் வாங்கிய ஒரே ஆள் ஆபரேட்டர் அம்சவள்ளி அக்காதான். கடைத்தெருவில் எனக்கு ஃபேன்சி ஸ்டோர். வளையல், ரிப்பன், பவுடர், பொட்டு எல்லாம் தானாக விற்கும். உல்லன் நூலைச் சேலத்திலிருந்து வாங்கி வந்து அடுக்கியது அவர் ஒருவருக்காக. வேறு யாரும் அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

"ஊரே வேர்த்து ஊத்திக்கினு கெடக்குது. நீங்க இன்னாக்கா குல்லா பின்னிக்கினு கீறீங்க?" என்று கேட்பேன்.

"பச்சப் புள்ளைக்கு எங்க இருந்தாலும் குளிரும் பாய்" என்பார்.

அந்தக் குளிர் அவரைக் கல்வராயன் மலையில் பிடித்தது. சொந்த ஊர் ரிஷிவந்தியம் என்றாலும், அப்பா வனத்துறையில் வாட்சராகக் கரியாலூரில் இருந்ததால் சின்ன வயதெல்லாம் மலையில்தான். அங்கே ரேஞ்சர் வீட்டம்மா ஒருவர் குரோஷா ஊசியைக் கையில் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. மலையை விட்டு இறங்கி, படித்து, டெலிபோன் ஆபீசில் வேலை வாங்கி, கல்யாணம் முடித்து, இரண்டு பையன்களைப் பெற்ற பிறகும் அந்த ஊசியும் குளிரும் அவரை விடவில்லை. சொந்தப் பையன்கள் குல்லாவைக் கண்டாலே ஓட்டம் பிடிப்பார்கள். அதனால் ஊர்ப் பிள்ளைகளின் தலைகள் மாட்டிக்கொண்டன.

யார் வீட்டில் பிள்ளை வரப்போகிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச டிரங்க் கால் புக் பண்ணிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆபரேட்டர்தான் லைன் கொடுப்பார். பேச்சு சரியாகக் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காதில் வாங்குவதும் அவர் வேலை. அம்சவள்ளி அக்காவுக்கு அந்தக் கொஞ்ச நேரம் கொஞ்சம் ஜாஸ்தி. யாரோ ஒருத்தி மாசமாக இருக்கிறாள் என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் என் கடையில் வந்து நிற்பார். வம்பு பேசத் தெரியாத மனுஷி. கேட்டதெல்லாம் வாய்க்குப் போகாமல் நேராகக் கைக்குப் போய்விடும்.

கையும் ஒருநாள் அவரை மாட்டிவிட்டது. அரிசி மண்டி லட்சுமியம்மாளின் மருமகளுக்கு ரொம்ப வருஷம் கழித்து வயிற்றில் தங்கியது. சேலம் டாக்டர் அதைப் போனில் புருஷனிடம் சொன்னார். அவன் கண்ணுபட்டுவிடும் என்று பயந்து பெற்ற தாயிடம்கூட மூச்சு விடவில்லை. நம் அக்கா பெருமாள் கோயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்து, பக்கத்தில் மாமியார் நிற்பதைக் கவனிக்காமல், ஒரு ஜோடி குட்டி உல்லன் சாக்ஸை எடுத்து நீட்டிவிட்டார்.

"எனக்கே தெரியாத சங்கதி உனுக்கு எப்பிடிடி தெரியும்?" என்று லட்சுமியம்மாள் ஆபீஸ் வாசல்வரைக்கும் வந்து கத்தினார். அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, காதில் கேட்டதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார். உல்லன் நூல் இனி ஆபீசுக்குள் வரக் கூடாது என்றும் உத்தரவு.

அதற்குப் பிறகு அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். சேதி காதில் விழுந்ததும் குல்லாவை ஆரம்பிப்பார். கடைசிச் சுற்றுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். குரோஷா பின்னலில் ஊசியை உருவிவிட்டால் கடைசியாக ஒரு கண்ணி திறந்தே இருக்கும். யாராவது நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும். அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டி வைப்பார். பிள்ளை பிறந்து, வீட்டுக்காரர்கள் தங்கள் வாயால் அவரிடம் வந்து சொன்ன பிறகுதான் ஊக்கைக் கழற்றுவார். பெண் பிள்ளை என்றால் தாடையில் கட்ட என்னிடம் ரிப்பன் வாங்குவார். ஆண் பிள்ளைக்கு அதே நூலில் கயிறு. தாய்க்குக் காதை மூடிக் கட்ட ஒரு பட்டை பின்னுவார். அதைப் பிரசவம் நல்லபடியாக முடிந்தது என்று தெரியும்வரை ஆரம்பிக்கவே மாட்டார். ஒரு தடவை முன்கூட்டியே பின்னி வைத்து, அந்தத் தாய் பிழைக்காமல் போனதிலிருந்து அப்படி.

இப்படி ஊக்குப் போட்டுக் காத்திருக்கும் குல்லாக்களை ஆபீசில் வைக்க முடியாது. வீட்டில் வைத்தால் புருஷன் சின்னக்கண்ணு, "இன்னாடி, ஊருக்கெல்லாம் பாதி மண்டையா?" என்று கிண்டல் பண்ணுவாராம். ஆகவே எல்லாம் என் தலையில் விடிந்தது. பவுடர் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை அவருக்கு ஒதுக்கினேன். "கடைய எனக்கு வுடுவீங்களா மாட்டீங்களா?" என்று முணுமுணுப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். எது காதில் விழ வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

எண்பத்தேழாம் வருஷ ஆரம்பத்தில் என் மனைவி பௌசியா மாசமானாள். முந்தின வருஷம் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டதால் இந்தத் தடவை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மணலூர்பேட்டையில் இருக்கும் மாமியாருக்கு மட்டும் பக்கத்து மண்டியிலிருந்து போன் போட்டேன். மறுநாள் அம்சவள்ளி அக்கா வந்து எலுமிச்சை மஞ்சளில் உல்லன் கேட்டார்.

"யாருக்குக்கா?" என்றேன்.

"சும்மா பாய். கை சும்மா இருக்கக் கூடாது பாருங்க" என்றார். முகத்தை மட்டும் என் பக்கம் திருப்பவில்லை. புரிந்துகொண்டேன், மஞ்சள் உண்டையை எடுத்துக் கொடுத்தேன். பௌசியாவைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் கொண்டுவிட்ட பிறகு முறைப்படி அவரிடம் சொன்னேன். "அப்பிடியா! சொல்லவே இல்லியே பாய்!" என்று வாயில் கைவைத்தார். நாடகத்தில் நடிக்கப் போயிருந்தால் முதல் நாளே திருப்பி அனுப்பியிருப்பார்கள். மஞ்சள் குல்லா அப்போதே என் கடைப் பெட்டியில் ஊக்கோடு படுத்திருந்தது.

புரட்டாசி பிறந்தது. வன்னியர்கள் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடத்தினார்கள். ரோட்டோரப் புளியமரங்கள் வரிசையாகக் குறுக்கே விழுந்தன. பஸ் இல்லை, கடைகள் இல்லை. பௌசியாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. மணலூர்பேட்டைக்குப் போகிற வழியெல்லாம் அடைப்பு. சைக்கிளில் கிளம்பிப் பார்த்தேன். தியாகதுருகம் தாண்டுவதற்குள், முன்னால் நிலைமை சரியில்லை என்று போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. மரம் விழுந்து டெலிபோன் கம்பிகளும் அறுந்ததால் கிடைத்த ஒன்றிரண்டு லைன்கள் அரசாங்கத்துக்கு மட்டும் என்றார்கள்.

டெலிபோன் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன். அக்கா வெளியே வந்து, இல்லை என்று தலையை ஆட்டுவார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்க தம்பி அங்க மரத்த வெட்டிப் போட்டுக்கினு குந்தியிருந்தா, நான் எப்பிடிக்கா என் பொண்டாட்டியப் பாக்கறது?" என்று கத்திவிட்டேன். அவர் தம்பி இளவரசன் ரிஷிவந்தியம் பக்கத்து மறியலில் முன்னால் நின்றவன்.

அக்கா கோபப்படவில்லை. "அவன் காலேஜ் முடிச்சிட்டு அடுத்தவன் கொல்லையில கரும்பு வெட்டிக்கினு கீறான் பாய். அவன் கேக்கறது தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது? உங்க வயிறு எரியறதும் எனுக்குத் தெரியாம இல்ல" என்றார். பிறகு குரலைத் தணித்து, "என் சீட்டுக்குப் பின்னாடியே ஒரு ஆபீசர் நாற்காலி போட்டுக் குந்திக்கினு கீறாரு. தம்பிக்குச் சேதி அனுப்புவேன்னு சந்தேகம். இந்த வாரம் என்னாண்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கடைக்கு வந்து, பாதிக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பேன். வியாபாரம் ஏது? பெட்டியைத் திறந்து மஞ்சள் குல்லாவைப் பார்ப்பேன். ஊக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். முந்தின வருஷம் நடந்தது ஞாபகம் வரும், மூடி வைத்துவிடுவேன். ரொம்பப் பயந்துபோயிருந்தேன்.

மறியல் முடியப்போகிற சமயம் ஒரு மத்தியானம் அக்கா கடைக்குள் குனிந்து வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போய் மஞ்சள் குல்லாவை எடுத்தார். ஸ்டூலில் உட்கார்ந்து ஊக்கைக் கழற்றி, பையிலிருந்து ஊசியை எடுத்துக் கண்ணியில் கோர்த்தார்.

 வீட்டுக்காரர் வாயால் சொல்லாமல் அவர் கடைசிச் சுற்றைத் தொட்டதே கிடையாது. நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. 

சுற்று முடிந்தது. நூலைக் கடித்து அறுத்து, முடிச்சுப் போட்டார்.

"ரோஸ் ரிப்பன் ரெண்டு முழம் குடுங்க பாய்" என்றார்.

பெண் பிள்ளை. ரிப்பனை அளக்க முடியாமல் சுருளையே எடுத்துக் கொடுத்தேன். ஆனால் தாய்?  அக்காவே ரிப்பனைத் தைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், "இதே மஞ்சள்ல இன்னும் ஒரு உண்டை வேணும். காதுப் பட்டைக்கு" என்றார்.

கல்லாவில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனுஷி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததை மீறவும் இல்லை. கேட்டதைச் சொல்லக் கூடாது என்றுதான் எழுதி வாங்கினார்கள், பின்னக் கூடாது என்று யாரும் வாங்கவில்லை.

கிளம்பும்போது அலமாரியைப் பார்த்து, "அந்தப் பழுப்பு நூலும் குடுங்க. எல்லாத்தையும்" என்றார். பழுப்பில் அவர் எந்தப் பிள்ளைக்கும் பின்னியதில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் அது எதற்கு என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் ஓடினேன். பௌசியா சோர்ந்து படுத்திருந்தாள், நன்றாக இருந்தாள். மகள் கையை முறுக்கிக்கொண்டு தூங்கினாள். ரிப்பன் வைத்த குல்லாவைப் பார்த்துவிட்டு மாமியார் காசிம் பீவி கேட்டார்: "பொண்ணுன்னு உங்களுக்கு ஆரு சொன்னா மாப்ள? லைன் கெடைச்சா சொல்லச் சொல்லி இங்க தபாலாபீஸ் அம்மாகிட்டதான் சொல்லி வச்சோம். அவங்க சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல மாமி" என்றேன். அது பொய்யில்லை.

திரும்பும்போது பஸ் ரிஷிவந்தியத்தில் நின்றது. ஏறியவர்கள் இளவரசனைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். மறியல் முடிகிற நேரத்தில் விடியற்காலையில் வந்து பிடித்துக்கொண்டு போனார்களாம், வேலூர் ஜெயிலில் இருக்கிறானாம். எந்த விடியற்காலை என்று கேட்டேன். அக்கா என் கடையில் பழுப்பு நூல் வாங்கியதற்கு மறுநாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மகள் பிறந்த சேதி வந்த அதே லைனில், தம்பியைப் பிடிக்கப்போகிற சேதியும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் எனக்கு ரிப்பன் கேட்டிருக்கிறார்.

மறுநாள் இனிப்போடு போனேன். அக்கா எனக்கு முன்பே என் கடை வாசலில் உட்கார்ந்து பழுப்பு மஃப்ளர் பின்னிக்கொண்டிருந்தார். இனிப்பை வாங்கி, "பேரு இன்னா வச்சீங்க?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. "தம்பியப் புடிக்கப்போறது முன்னாடியே தெரியுமாக்கா?" என்றேன்.

கை நின்றது. "தெரியும்."

"எனுக்குச் சொன்னா மாதிரி அவனுக்கும் எப்பிடியாவது..."

"சொல்லியிருந்தா ஓடியிருப்பான் பாய். சுத்திலும் துப்பாக்கி வச்சிக்கினு நிக்கிற நேரத்துல ஓடறதுக்கு, ஜெயில்ல குந்தியிருக்கட்டும்னு நெனச்சேன். சரியா செஞ்சனா தப்பா செஞ்சனா, எனுக்கே தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் என்னைக் கேட்டா இன்னா சொல்லுவேன்?"

  அவருக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. மஃப்ளரைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவார் என்று உள்ளேயிருந்து ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஊசியோடு அப்படியே சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு பாய் ஊக்கு? இதுக்கு இனிமே யாரு வாயால சேதி வரணும்?" என்று சொல்லிவிட்டு, உல்லன் நூல் வரக் கூடாது என்ற ஆபீசைப் பார்த்து அதோடேயே நடந்தார்.