மேற்கு நோக்கிப் பதித்த பீங்கான்

இதை எழுதலாமா என்று பல வருஷம் யோசித்தேன். கக்கூஸைப் பற்றிக் காகிதத்தில் எழுதுகிறவனை யார் மதிப்பார்கள் என்ற கூச்சம். வீட்டுப் பெண்ணின் சங்கதியை வெளியே சொல்கிறோமே என்ற தயக்கம் வேறு. கடைசியில் என் மனைவி ஆமினாவே, "எழுதுங்க. நம்ம மாதிரி வர்றவங்க வீடு பார்க்கும்போது முதல்ல அதைப் பார்ப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அல்லாஹ்வின் பேர் சொல்லி எழுதுகிறேன்.

பர்மாவில், மோல்மீனில் இருக்கும் சொந்தங்களே, யுத்தம் முடிந்து கப்பலேறி வந்த எங்களுக்குத் திருவொற்றியூரில் வேலையோடு கம்பெனி வீடும் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். புது மாதிரி வீடு. சிவப்புச் சிமெண்டுத் தரை, கண்ணாடி ஜன்னல், நின்றுகொண்டே சமைக்கிற மேடை. பின்கட்டில் சின்ன முற்றம், அதை ஒட்டிக் குறுகலாக ஒரு கக்கூஸ். வெள்ளைப் பீங்கான், தண்ணீர் ஊற்றினால் போதும். ராயபுரத்திலிருந்து வந்தவர்கள் கூட அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஆமினா மட்டும் முதல் நாளே வாசலில் நின்றுவிட்டாள். பீங்கான் நேர் மேற்கே பார்த்துச் சிமெண்டில் பதிந்திருந்தது.

மேற்கே மக்காவின் கஃபா, தொழும்போது நாம் முகம் திருப்பும் இல்லம். அதை நோக்கியும் அந்தக் காரியத்துக்கு உட்காரக் கூடாது, அதற்கு முதுகு காட்டியும் கூடாது. மோல்மீனில் தேக்கு மரக்கால்கள் மேல் நின்ற அவள் பிறந்த வீட்டில், கக்கூஸ் தோட்டத்துக் கோடியில் தனியாக இருந்தது. அவள் வாப்பா சூரியன் விழுகிற இடத்தைப் பார்த்து, பலகைகளைத் தெற்கு வடக்காகப் போட்டிருந்தார். வெள்ளத்தில் ஒருமுறை அது சாய்ந்தபோது நாலு பேர் தூக்கி மறுபடி சரியாக வைத்தார்கள். மரவீடு சொன்னபடி கேட்கும். சிமெண்டு கேட்காது.

மார்க்கச் சட்டத்தில் நான் ஷாஃபி வழி. நாலு சுவருக்குள்ளே என்றால் எங்களுக்குத் தடையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்னார். அவள் பிறந்தது ஹனஃபி வழி. அவளுக்குச் சுவர் இருந்தாலும் ஆகாது. பக்கவாட்டில் திரும்பி உட்காரலாம் என்றால் கால் வைக்கிற இடம் இரண்டு சாண்தான். முட்டிவலிக்காரி, ஒருமுறை சறுக்கி விழுந்தாள். அதற்குப் பிறகு இருட்டும் வரை பொறுத்திருந்து கடற்கரைப் பக்கம் போய் வந்தாள். பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டாள்.

கம்பெனி என்ஜினீயரிடம் போனேன். காரணத்தைச் சொல்ல நாக்கு வரவில்லை. மேற்கே பார்த்து இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சாயங்கால வெயில் உள்ளே அடிக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். நல்ல மனுஷர். எதிர் வரிசையில் ஒரு வீடு காலியாகிறது, அங்கே எல்லாம் கிழக்கே பார்த்துத்தான், மாற்றித் தருகிறேன் என்றார். அங்கே போனால் முதுகு மேற்கே. நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வேறு வீடு கிடையாது. வீட்டை விட்டால் வேலையும் இல்லை. கம்பெனி வீட்டில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும்.

ஆமினாவுக்கு நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் விழுந்தாள். இனியும் அடக்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்றார் டாக்டர். அன்று நான் கோபப்பட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"மௌத்தானா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பித்தானே குழியில வைப்பீங்க. அந்தப் பக்கம் பார்த்து இதை எப்படிங்க செய்யறது?"

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் கம்பெனிக் கொத்தனார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வந்து குந்திப் பார்த்தார்.

"எங்க சாமிக்கு இந்தத் திக்குத் தொந்தரவு இல்ல பாய். மத்த தொந்தரவு நெறய கீது" என்று சிரித்தவர், தரையைத் தட்டிப் பார்த்தார். "கொழா வாயி இங்கதான் கீது, அத்த நவுத்த முடியாது. அத்த வெச்சே திருப்பினா பீங்கான் வாசலாண்ட வந்துரும். கதவு சாத்தாது."

"கதவு வேண்டாம்."

"மாட்டினா உனுக்கு வூடு போவும், எனுக்கு வேல போவும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப சிமிட்டி நீ வாங்கிக்கினு வா. கம்பெனி சிமிட்டிய நான் தொட மாட்டேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பிப் பதித்தார். பீங்கான் வடக்கே பார்த்தது. கதவைக் கழற்றிப் பரண் மேல் போட்டோம். ஆமினா மோல்மீனிலிருந்து கொண்டுவந்த கைலியைத் திரையாகக் கட்டினாள். அன்று ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள். அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனாலும் நாங்கள் நிம்மதியாக இல்லை. மாதாமாதம் வீடு பார்க்கக் கம்பெனி ஆள் வருவார். சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டால், கதவைப் பரணிலிருந்து இறக்கிக் கக்கூஸ் வாசலில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் அரிசி மூட்டையைத் தள்ளுகிறோம். இதுவரை அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று இன்றும் தெரியாது.

மத்தியானம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். நீங்கள் இருக்கும் திசை. அந்தக் காற்று முற்றத்தில் இறங்கி மோல்மீன் கைலியை உள்ளே தள்ளும். உள்ளேயிருந்து ஆமினாவின் கை மட்டும் நீண்டு, அதன் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்று அடங்கும்வரை விடமாட்டாள்.

இங்கே வரப்போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சிரிப்புக்காக ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், எங்கள் மானத்துக்காக ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். இருந்தது இருந்தபடியே போய்ச் சேரட்டும்.